உண்டது எனப் பதிந்தேன்

தானாக மூன்று தடவை இரை எடுக்காத பாம்புக்குட்டியை விற்கக்கூடாது. இது சட்டமல்ல, தேடிப் பார்த்துவிட்டேன். நான் புரட்டிய சட்டக்கோவைகளில் நாய்க்கும் பூனைக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பாம்பின் பசியைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. இது பாம்பு வளர்ப்பவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதி. முட்டையிலிருந்து வந்த குட்டி முதல் தோலைக் கழற்றிய பிறகு, யாரும் வற்புறுத்தாமல் மூன்று முறை தின்ன வேண்டும். ஒவ்வொரு முறையும் திகதியோடு ஒரு தாளில் பதிய வேண்டும். குட்டி கைமாறும்போது அந்தத் தாளும் கைமாற வேண்டும். சட்டத்தை விட நல்ல விதி என்றுதான் சொல்வேன். எழுதியவர்களுக்குப் பாம்பைத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த குட்டியோடும் ஒரு தாள் வந்தது. மூன்று திகதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘உண்டது’ என்று பிரெஞ்சில் ஒரு சொல். மூன்றும் ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். வெவ்வேறு வாரங்களில் எழுதிய கை அப்படி இருக்காது. ஒரே இருப்பில் இருந்து எழுதியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க லிகிதராகத் தொடங்கி, பாரிஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் முடித்தவன் நான். மற்றவர்களுடைய படிவங்களைப் பார்த்தே வாழ்க்கை போய்விட்டது.

ஓய்வு பெற்றது 2009இல். அந்த ஆண்டு, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஓய்வு என்ற சொல்லுக்கே இடம் இருக்கவில்லை. பிரெஞ்சில் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்பதால், ஊரில் காணாமல்போனவர்களின் படங்களோடும் பெயர்களோடும் ஆட்கள் என்னிடம் வந்தார்கள். கேட்ட எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தேன், எல்லாவற்றுக்கும் பிரதி வைத்தேன். அதன் பிறகும் வருவது நிற்கவில்லை: வதிவிட அட்டை, வீட்டு உதவி, ஓய்வூதியம். தேநீர்க் கடையில் என்னைக் கண்டால் ஆட்கள் முதலில் கடித உறையைத்தான் நீட்டுவார்கள், பிறகுதான் சுகம் விசாரிப்பார்கள். என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். “உங்களுக்கு ஒரு முத்திரை செய்து நெத்தியிலை ஒட்டிவிடுறன்” என்பாள்.

பாம்பு வந்தது 2016 ஒக்டோபரில். அதற்குக் காரணம் சாதகம்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது முப்பத்திரண்டு வயது, நல்ல வேலை, திருமணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். அவளுடைய தாய், லாச்சப்பல் கடையொன்றுக்கு மேலே ஓர் அறையில் சாதகம் பார்ப்பவரிடம் குறிப்பைக் கொண்டு போனாள். ஏழாம் வீட்டில் ராகு, நாகதோஷம், கழிக்காமல் ஒன்றும் நடக்காது என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விரதம், நாகதம்பிரானுக்கு நேர்த்தி, மகளுடைய தலையணைக்குக் கீழே மஞ்சள் துணியில் ஏதோ ஒன்று. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வனச் சந்தை ஒன்றுக்குப் போய், மூடியில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு திரும்பி வந்தாள். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“அம்மா, தோஷத்தைக் கையோடை கூட்டிக்கொண்டு வந்திட்டன். இனிக் கழியுங்கோ.”

உள்ளே பென்சில் தடிப்பில், ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளத்தில், செம்மஞ்சளில் சிவப்புத் திட்டுகளோடு ஓர் உயிர் சுருண்டு கிடந்தது. அமெரிக்காவில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் திரியும் இனம், விஷம் இல்லை என்று மகள் விளக்கினாள். மனைவி குசினி வாசலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். பயமா பக்தியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“அவரை எங்கையாவது ஒரு கோயிலடியிலை கொண்டுபோய் விடு பிள்ளை.”

கோயிலடியில் விட்டால் முதலில் பொலிஸ் வரும், பிறகு நகரசபைக்கு நான்தான் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும் என்று சொன்னேன். பாம்பு இருந்துவிட்டது.

முதல் வாரம் அவளுக்கு அது ‘அவர்’. இரண்டாம் வாரம், அது ஒன்றுமே தின்னவில்லை என்று தெரிந்ததும், ‘பிள்ளை’ ஆகிவிட்டது. பட்டினி கிடக்கும் எதையும் அவள் வேறு விதமாகக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை.

தின்னக் கொடுக்கும் முறை இது. பிறந்து ஒரு நாளான, மயிர் முளைக்காத எலிக்குஞ்சை உறைய வைத்து விற்கிறார்கள். சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். அதைச் சிறு பையிலிட்டு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து, பாம்பின் முகத்துக்கு எதிரே மெல்ல அசைக்க வேண்டும். பசியிருந்தால் பாயும். எங்கள் குட்டி பாயவில்லை. தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டு வாலை நடுக்கியது. மகள் வாசித்த எல்லாவற்றையும் செய்தாள். சிறிய பெட்டியில் இரையோடு சேர்த்து மூடி வைத்தாள், மேலே துணி போட்டு இருட்டாக்கினாள், எலியின் மண்டையைக் கீறி மணம் வரச் செய்தாள். அது அந்த எலியின் மேலே ஏறிப் படுத்துத் தூங்கியது. மகள் புதிதாக ஒரு தாள் தயாரித்துப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டினாள். திகதி, இரை, உண்டது அல்லது மறுத்தது. கட்டம் போட்ட நல்ல தாள். முதல் மூன்று வரியிலும் ‘மறுத்தது’ என்று உண்மையை எழுதினாள்.

விற்றவனுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பொய்ப் பதிவு என்ற சொல்லை நான்கு இடத்தில் பயன்படுத்தியிருந்தேன். மனைவி வாசித்துக் காட்டச் சொன்னாள், கேட்டாள், “விடுங்கோ, அவனும் பிள்ளைகுட்டிக்காரனாய் இருப்பான்” என்றாள். அனுப்பவில்லை.

ஒக்டோபர் கடைசியில் மகளை வேலை இடத்தில் ஆறு மாதத்துக்குக் கிரெனோபிளுக்கு அனுப்பினார்கள். பாம்பைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை விரதக்காரி, மீன் வெட்டினால் மூன்று தரம் கை கழுவுகிறவள், தன் புருவம் திருத்தும் இடுக்கியால் எலிக்குஞ்சைப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, “இந்தா பிள்ளை, ஒரு வாய்” என்று நீட்டுவதை நான் கதவருகில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டாம் தடவை அது நாக்கை நீட்டி இரையைத் தொட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். அதை அவள் மகளுக்குத் தொலைபேசியில் ஒரு கால்மணி நேரம் சொன்னாள்.

“நாக்காலை தொட்டுப் பாத்தது பிள்ளை. இனிச் சாப்பிடும். இருந்து பார்.”

அது நவம்பர் நடுப்பகுதி, ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமை காலை மரக்கறி வாங்கப் போனவள் திரும்பிப் படியேறும்போது இரண்டாம் மாடியில் உட்கார்ந்தாள். நான் கீழே இறங்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள்.

மரணத்தை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நகரசபையில் அறிவிக்க வேண்டும். சான்றிதழின் பத்துப் பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வங்கிக்கு ஒன்று, ஓய்வூதியத்துக்கு ஒன்று, வீட்டு உரிமையாளருக்கு ஒன்று. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் நானே சொல்லிக்கொண்டு செய்தேன். ஒரு திகதியையும் தவறவிடவில்லை. தகனம் முடிந்து, மகளுக்கு வேலையிடம் கொடுத்த விடுப்பும் முடிந்து, அவள் கிரெனோபிளுக்குத் திரும்பும்போது இரண்டு விடயம் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். பாம்புக்கு வாரம் ஒரு தரம் இரை நீட்டச் சொன்னாள். “நீட்டினால் காணும் அப்பா. தாளிலை எழுதிவிடுங்கோ.” பிரிட்ஜின் மேல்தட்டில், பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள், உறைந்த தேங்காய்ப்பூப் பைகளுக்கு நடுவே எட்டு எலிக்குஞ்சுகள் இருந்தன.

அரசாங்க விதிகள் முடிந்த இடத்தில் எங்கள் விதிகள் தொடங்கின. அவற்றைக் கொண்டுவந்தவர் மனைவியின் தமக்கை. புறநகரான லெ பிளாங்-மெனிலிலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டில் விளக்கு அணையக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, மச்சம் புழங்கக்கூடாது. மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த நாட்களில் இன்னது செய், இன்னது செய்யாதே என்று யாராவது சொல்வது ஒரு கைப்பிடிபோல இருந்தது. காலையில் எழும்புவதற்கு அது ஒரு காரணம். எண்ணுவதற்கு முப்பத்தொரு நாள் இருந்தது.

பத்தாம் நாளோ என்னவோ, அவர் தேங்காய்ப்பூ தேடப் போய் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்துவிட்டார். நான் குசினிக்குள் போனபோது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இதென்ன?”

“எலிக்குஞ்சு, மச்சாள். பாம்புக்கு.”

“செத்த வீட்டிலை?”

“நாங்கள் சாப்பிடுறதுக்கு இல்லையே.”

“எலி என்ன மரக்கறியோ?”

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. விதி துக்கம் காக்கிறவர்கள் உண்பதைப் பற்றியது. பாம்பு துக்கம் காப்பதாக எங்கும் சொல்லவில்லை. ஆகவே விலக்கு உண்டு. விலக்குகளைத் தேடிக் கொடுத்தே லாச்சப்பலில் பெயர் எடுத்தவன் நான். வாயைத் திறக்கும் முன் அவர் அழத் தொடங்கிவிட்டார்.

“மீன் வெட்டின கையை மூண்டு தரம் கழுவிறவள். அவளுக்கு விளக்கெரியிற வீட்டிலை இதை வைச்சிருக்கப் போறீங்களோ?”

அந்த எலிகளை இடுக்கியால் பிடித்து நீட்டியவளே அவள்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமக்கையின் மனதில் இருந்த தங்கைக்கு ஏதோ ஆகிவிடும் என்று பட்டது. பெட்டியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பச்சை மூடிக் குப்பைத் தொட்டியா, மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியா என்று ஒரு கணம் யோசித்தேன். குஞ்சுகளைப் பச்சைக்குள்ளும் ஐஸ்கிரீம் பெட்டியை மஞ்சளுக்குள்ளும் போட்டுவிட்டு மேலே வந்தேன்.

புதிதாக வாங்கியிருக்கலாம். கடை இருபது நிமிட நடை. வாங்கி வந்து, அவர் போன பிறகு கொடுத்திருக்கலாம். நான் கணக்குப் போட்டேன். இந்த இனத்தின் குட்டி இரண்டு மாதத்துக்கு மேலும் உணவில்லாமல் இருக்கும் என்று வாசித்திருந்தேன். இன்னும் மூன்று வாரம். முப்பத்தொன்று முடிந்த மறுநாளே வாங்கிவிடலாம். தண்ணீர் மாற்றினேன், சூட்டு விரிப்பைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் மச்சாள் ஒரு சிறு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து பெட்டிக்குள் வைப்பார். அது பாலுக்குள்ளால் ஊர்ந்து போகும். நான் பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடுவேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். என்னோடு முன்பு பிரெஞ்சில்தான் பேசுவாள். தமிழ் தாய்க்கு உரியது. தாய் போன பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், என்னோடும் தமிழில் பேசத் தொடங்கியிருந்தாள். தடுமாறும். நான் திருத்தமாட்டேன். எலிகளை எறிந்த வாரத்து ஞாயிறு கேட்டாள்:

“அப்பா, அது சாப்பிட்டதே? அம்மா கடைசியாச் சொன்னவ, சாப்பிடும் எண்டு.”

“ஓம் பிள்ளை. சாப்பிட்டது.”

அவள் அழுததைக் கேட்டேன். நல்ல அழுகை அது, இறுக்கிக் கட்டியிருந்த ஒன்று அவிழ்ந்த சத்தம். நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

வாய்மொழியும் பதிவும் ஒத்துப்போக வேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டுப் போய், அவள் ஒட்டிய தாளில் அன்றைய திகதியை எழுதி, ‘உண்டது’ என்று பதிந்தேன். அடுத்த ஞாயிறும் கேட்டாள், சொன்னேன், பதிந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். மூன்று பதிவுக்கும் மூன்று பேனை எடுத்தேன். ஒன்றைச் சற்றுச் சாய்த்து எழுதினேன். விற்றவனை விட எனக்கு அனுபவம் அதிகம். என் வாழ்நாள் முழுவதிலும் நான் எழுதிய பொய்ப் பதிவுகள் இந்த மூன்றும்தான். மிகவும் திறமையாகச் செய்திருந்தேன்.

முப்பத்தொன்றுக்கு முதல்நாள் மகள் வந்தாள். பையை வைத்துவிட்டு நேரே பாம்பிடம் போனாள். தாளைப் பார்த்தாள், விரலால் அந்த மூன்று வரியையும் தடவினாள். பிறகு பெட்டிக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

“மெலிஞ்சிருக்கு.”

குளிர்காலம் என்றேன். பிரிட்ஜைத் திறந்து எலிப்பெட்டி எங்கே என்று கேட்டாள். மிச்சத்தைப் பெரியம்மா எறியச் சொல்லிவிட்டார் என்றேன். ‘மிச்சம்’ என்ற ஒரு சொல்லைத் தவிர அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அவளுக்கு முகம் சிவந்தது. அந்தியேட்டி நாள் முழுவதும் பெரியம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏனென்று தெரியாமல் அவளுக்குப் பின்னால் சோற்றுத் தட்டோடு திரிந்தார். நான் ஐயர் சொன்ன இடத்தில் இருந்து, சொன்ன நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீட்டில் மச்சம் சமைத்தார்கள். மகள் காலையிலேயே கடைக்குப் போய்த் திரும்பிவந்து, வெந்நீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். பையில் இருந்தது மயிர் முளைத்த எலி. முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு.

“இது பெரிசெல்லோ?” என்றேன்.

“மூண்டு தரம் சாப்பிட்டும் இப்பிடி மெலிஞ்சிருக்கெண்டால் சின்னது காணாமல்தானே? மூண்டு தரம் சாப்பிட்டால் அடுத்த அளவு குடுக்கலாம் எண்டு இருக்கு. மூண்டு தரம் சாப்பிட்டதுதானே அப்பா?”

இந்த இடத்தில் நான் வாசித்திருந்த எல்லாமே எனக்கு நினைவுக்கு வந்தது. நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் இரை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இருப்பதில் மிகச் சிறியது, அதிலும் பாதி. எனக்குத் தெரியும். சொல்லுவதற்கு வேண்டிய நேரமும் இருந்தது, எலி இன்னும் வெந்நீரில் கிடந்தது.

“ஓம்” என்றேன்.

அவள் தாயின் இடுக்கியை எடுத்தாள். எலியைத் துடைத்து, மெல்ல அசைத்து நீட்டினாள். குட்டி தலையைத் தூக்கியது. நாக்கு இரண்டு தரம் வந்து போனது. பிறகு நான் பார்த்தேயிராத ஒரு வேகத்தில் பாய்ந்து கவ்வி, மூன்று சுற்றுச் சுற்றியது. மகள் இடுக்கியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாய் செத்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா பாத்திருக்கோணும்” என்றாள்.

தாடை விரிந்து விரிந்து அந்தப் பெரிய எலி உள்ளே போவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இருவரும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். இப்போது சொன்னாலும் வெளியே எடுக்க முடியாது என்று எனக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாதத்தில் குறை சொல்ல முடியாது. எடுக்க முடியாதுதான்.

மூன்றாம் நாள் காலை நாற்றத்தில் தெரிந்தது. எலி பாதி கரைந்து வெளியே கிடந்தது. குட்டி அதற்குப் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. அது சுருளாமல் கிடந்து நான் கண்டதில்லை. விலங்கு வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு வயிற்றில் எந்த வலுவும் இல்லை, வெகு நாளாகத் தின்னாதது போல இருக்கிறது, அளவுக்கு மிஞ்சிய இரை என்றாராம். இதை மகள்தான் வந்து சொன்னாள். வெகு நாளாகத் தின்னாதது என்பதை அவள் வைத்தியரின் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டாள். தாளில்தான் எல்லாம் இருக்கிறதே. அளவுக்கு மிஞ்சிய இரை என்பதை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

“பெரிசு குடுத்திட்டன். நான்தான் அப்பா. அம்மா அவ்வளவு பாடுபட்டு வைச்சிருந்தவ, நான் வந்து அஞ்சு நாளிலை கொண்டுபோட்டன்.”

அன்று மாலை அது செத்தது. சொந்த நிலம் இருப்பவர்கள் வளவில் புதைக்கலாம். நான்காம் மாடியில் நிலம் கிடையாது. பொதுப் பூங்காவில் தோண்ட அனுமதியில்லை. இவற்றை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு பிஸ்கற் தகரத்தில் பஞ்சு வைத்து அதைக் கிடத்திவிட்டாள். கிரெனோபிளுக்குக் கொண்டுபோய் ஒரு மலையடியில் புதைத்தாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கும்போதெல்லாம், எதைப் பேசத் தொடங்கினாலும், அந்த எலியில்தான் வந்து நின்றாள். தூக்கம் இல்லை என்றாள். ஒரு நாள், “அம்மாவையும் தனியே விட்டிட்டுப் போனதாலைதான் இழந்தது, எனக்கு ஒண்டையும் ஒழுங்காப் பாக்கத் தெரியாது” என்றாள். அப்போதுதான் நான் செய்தது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்று விளங்கியது. ஒரு பாம்புக்குட்டியைப் பற்றிய பொய் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியில் சொல்ல முயன்றேன், மூன்று ஞாயிறு. முடியவில்லை. ஆகவே தெரிந்ததைச் செய்தேன். 2017 ஜனவரியில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். முதல் வரைவில் ‘பொருள்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன், பெற்ற மகளுக்கு. கிழித்தேன். இரண்டாவதில் காரணங்கள் அதிகமாக இருந்தன: மச்சாள் அழுதது, விதி, குளிர். மூன்றாவதில் நடந்ததை மட்டும் எழுதினேன். எட்டு எலியையும் நான்தான் எறிந்தேன். அது ஒரு தடவையும் தின்னவில்லை. மூன்று பதிவும் பொய். நீ பெரியதை நீட்டியபோது எனக்குத் தெரியும். நீ தாளை நம்பினாய், தாளை நம்புவது பிழையில்லை. பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மீளறிவிப்பு அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். சாதாரணத் தபால் தொலைந்துபோகக்கூடியது.

ஐந்தாம் நாள் அட்டை திரும்பி வந்தது, அவளுடைய கையெழுத்தோடு. பெற்றுக்கொண்டாள் என்பதற்கு அத்தாட்சி. அதற்கு மேல் அந்த அட்டை எதையும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி நின்றுவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு நாளில், பிரெஞ்சில் எடுப்பாள். மாத்திரை முடிந்துவிட்டதா, வீட்டுச் சூடாக்கி வேலை செய்கிறதா. கேட்டதற்குப் பதில் சொல்வேன், வைத்துவிடுவாள். முன்பு இந்த நாட்டில் அரசாங்கம் இரண்டு மாதம் பதில் சொல்லாவிட்டால் மறுத்ததாகப் பொருள். பிறகு சட்டத்தை மாற்றிப் பல விடயங்களில் அதே மௌனத்தைச் சம்மதம் என்றார்கள், எவை எவை என்று நீண்ட பட்டியலும் போட்டார்கள். அந்தப் பட்டியல் எனக்குப் பெரும்பாலும் மனப்பாடம். மகளுடைய மௌனத்தை எதிலும் சேர்க்க முடியவில்லை. கிரெனோபிள் வேலை ஆறு மாதத்தில் முடிய வேண்டியது. அவள் அங்கேயே நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நவம்பரில் தாயின் முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்தாள். பெரியம்மாவோடு குசினியில் நின்று தாய்க்குப் பிடித்த கறிகளைச் சமைத்தாள். இருவரும் ஏதோ குசுகுசுத்துச் சிரித்ததும் கேட்டது; நான் போனதும் நின்றது. எனக்கும் சோறு போட்டாள், இன்னும் வேணுமா என்று கேட்டாள், பிரெஞ்சில். மாலை ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டாள். பாம்புப் பெட்டி நின்ற மேசையை அவள் ஒரு தரமும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

குளிர் போகத் தொடங்கிய ஒரு நாள், சந்தைக்குப் போய் வந்தபோது தபாற்பெட்டியில் அறிவித்தல் துண்டு கிடந்தது. பதிவுத் தபால், ஆள் இல்லை, நாளை தபாற்கந்தோரில் பெறலாம். ஓய்வூதியப் பகுதியாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்து வைத்து, உறையைத் திருப்பிப் பார்த்தால் கிரெனோபிள் முகவரி. மீளறிவிப்பு அட்டையும் ஒட்டியிருந்தாள். என் மகள்தான்.

தபாற்கந்தோர் வரிசையை விட்டு ஓரமாக நின்று பிரித்தேன். ஒரு தாள், தமிழில். அவள் எனக்குத் தமிழில் எழுதியது அதற்கு முன்பு இல்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள், பல இடத்தில் அழித்து எழுதிய தடம் இருந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. இரண்டு தரம் தேடினேன். கோபம் இன்னும் இருக்கிறது, போகுமோ தெரியாது என்று எழுதியிருந்தாள். இப்போது தூங்க முடிகிறது என்று எழுதியிருந்தாள். பெரியம்மாவிடம் தான் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும், நான் இன்னும் கேட்கவில்லையென்று அறிந்ததாகவும் எழுதியிருந்தாள். கடைசி இரண்டு வரியை அவள் எழுதியபடியே தருகிறேன்:

“ஆனால் அண்டைக்கு அது என்ரை கையாலை சாப்பிட்டது. நீங்களும் பாத்தனீங்கள், அது பொய் இல்லை.”

எனக்கு அந்தப் பதில் கிடைத்தது 2018 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை.